மழை வந்தால் என்ன ஆகும்?

தூத்துக்குடியில் அம்மா வீட்டு மொட்டைமாடியில் ஒரு சோலார் குக்கர் இருக்கிறது. பழைய சூட்கேஸ் போலத் தோன்றும் அலுமினியப் பெட்டி. உள்ளே கறுப்பு பெயின்ட், அதற்கு மேல் இரட்டைக் கண்ணாடி, திறக்கும் மூடியின் உட்பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி. வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டுப் பெட்டிக்குள் விழும். உள்ளே போன சூடு வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். சோறு வேக இரண்டு மணி நேரம் ஆகும். பருப்புக்கு இன்னும் கொஞ்சம் கூட.

1987இல் அரசு மானியத்தில் கிடைத்தது என்று அப்பா அதை வாங்கி வந்தார். "வெயிலுக்கு பில் வராது" என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அது மூன்று வாரம்கூட உழைக்கவில்லை. அப்பா காலை ஏழரைக்கு டிபன் கேரியரோடு கிளம்ப வேண்டும். எனக்கும் தம்பிக்கும் எட்டேகாலுக்குப் பள்ளிக்கூடம். மாடியில் வெயில் உறைக்க ஒன்பதரை ஆகும். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அருமையாக வெந்த சோறு தயாராகும்போது வீட்டில் அம்மாவும் ஆச்சியும் மட்டும் இருப்பார்கள். இரண்டு பேருக்காக வெயிலைப் பிடித்துச் சமைப்பது வீண்வேலை என்று எல்லோருக்கும் பட்டது. அம்மாவுக்குமேகூட. "இது சரிப்படாது, வெயில் பத்தலை" என்று அப்பா அதைப் பரணில் ஏற்றினார். தூத்துக்குடியில் வெயில் பத்தவில்லை என்று சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

பின்னாளில் அந்தப் பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1950களில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் ஒரு சூரிய அடுப்பைச் செய்து பார்த்தது. அது சந்தையில் ஓடவில்லை. 1982இல் மரபுசாரா எரிசக்திக்கென மத்திய அரசில் தனித்துறை உருவான பிறகு பெட்டி வடிவ அடுப்புகள் மானியத்தோடு வீடுகளுக்கு வந்தன. அமெரிக்காவில் 1950களில் சூரிய அடுப்பொன்றை வடிவமைத்தவர் மரியா டெல்கெஸ் என்ற ஹங்கேரியப் பெண் விஞ்ஞானி. இத்தனை அறிவும் பணமும் போய்ச் சேர்ந்த பொருள் எங்கள் வீட்டில் ஏன் தோற்றது? மேகம் காரணமில்லை. வீட்டின் கடிகாரம் காரணம். சமையல் எந்த நேரத்துக்கு முடிய வேண்டும் என்பதை அடுப்பின் முன் நிற்பவள் முடிவு செய்யவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழை பலருக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். குளங்கள் உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்தது. அம்மா வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு நின்றது. மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு, அரிசி டிரம் எல்லாம் போயின. மாடி அறையில் மூன்று நாள் இருந்துவிட்டு இறங்கியவள், சேற்றை அள்ளிக் கொட்டி, பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பெட்டியைக் கண்டாள். கண்ணாடியில் ஒரு கீறல். மற்றபடி முப்பத்தாறு வருடத் தூசிக்குக் கீழே அது அப்படியே இருந்தது.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆச்சி எப்போதோ போய்விட்டாள். ஏழரைக்குக் கேரியர் கட்ட வேண்டிய தேவை இல்லை. முதல் முறையாக அந்த வீட்டில் வெயிலின் நேரமும் அம்மாவின் நேரமும் ஒன்றாக இருந்தன.

அடுத்த கோடையில் அவள் அதில் கேக் செய்ய ஆரம்பித்தாள்.

கேக் அவளுக்குப் புதிதில்லை. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அக்காவிடம் கற்றுக்கொண்டு, பிரஷர் குக்கரில் கடல்மணலைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, நடுவில் தட்டு வைத்துச் சுடுவாள். வருடத்தில் இரண்டு முறை, எனக்கும் தம்பிக்கும் பிறந்தநாள் வரும்போது. அப்பாவுக்கு அது பிடிக்காது. "பேக்கரியில வாங்கிக்கிட்டா போச்சு, எதுக்கு இம்புட்டு கேஸ்" என்பார். எங்கள் ஊர் பேக்கரிகளில் அடுப்பின் முன் நான் பார்த்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அதே வேலையை வீட்டில் செய்தால் அது கேஸ் செலவு.

2024 ஏப்ரல் கடைசியில், விடைத்தாள் திருத்தும் வேலைக்கு நடுவே நான்கு நாள் கிடைத்தது என்று மதுரையிலிருந்து போனேன். அனல் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்கள். மத்தியானம் மாடியில் குடை பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். அரைமணிக்கு ஒருமுறை பெட்டியைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும், மூடியின் கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும். உள்ளே கறுப்படித்த டப்பாவில் இரண்டு முட்டை, ஒரு டம்ளர் மைதா, கனிந்த நாட்டு வாழைப்பழம் இரண்டு, சீனி, வெண்ணெய். பத்தரைக்கு வைத்தது. ஒன்றரைக்கு எடுத்தாள். சோலார் குக்கரில் வேகும் கேக் மேலே சிவக்காது, வெளுப்பாகவே இருக்கும். ஆனால் உள்ளே பஞ்சு.

அவள் முகத்தில் வேர்வை வழிந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"யாருக்கும்மா இது?"

"எனக்குத்தான்ட்டி."

"ஒத்தையா ஒரு கேக்க நீ தின்னப் போறியா?"

"தின்னா என்ன?"

அப்போது எனக்கு அவளை நம்பத் தோன்றவில்லை. ஐம்பது வருடம் அடுப்பில் வெந்தவள், விடுதலை கிடைத்ததும் வெயிலில் வேறொரு அடுப்பை வைத்துக்கொண்டு நிற்கிறாளே என்றுதான் தோன்றியது. கூண்டைத் திறந்த பிறகும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் கிளியின் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். அவள் ஒரு துண்டை வெட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "ஆறினப் பொறவு இன்னும் நல்லாருக்கும்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான தத்துவக் கேள்வி இருக்கிறது. வகுப்பில் நான் நடத்தும் கேள்விதான். நீண்டகாலம் ஒடுக்கப்பட்ட ஒருவர் தனக்குக் கிடைத்ததையே தன் விருப்பமாக்கிக்கொள்வார். எட்டாததை வேண்டாம் என்று சொல்லப் பழகுவார். யான் எல்ஸ்டர் 1983இல் எழுதிய நூலில் இதை ஆராய்ந்தார். மார்த்தா நுஸ்பாம் 2000இல் வெளியான தன் நூலில் இந்தியப் பெண்களின் வாழ்க்கையை வைத்தே இதை விவாதித்தார். தகவமைந்த விருப்பம் என்று நாங்கள் தமிழில் சொல்லிக்கொள்கிறோம். அமர்த்தியா சென் அடிக்கடி காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944இல், கல்கத்தாவுக்கு அருகில் சிங்கூரில் ஒரு சுகாதார ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்கள் உடல்நிலை சரியில்லை என்றோ சுமார் என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தப் பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. தங்கள் உடம்பைப் பற்றிப் புகார் சொல்லலாம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே, ஒரு பெண் "எனக்கு இது பிடிச்சிருக்கு" என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் கட்சி. அதிலும் வீட்டுவேலை பிடித்திருக்கிறது என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபடும் பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். அப்படி ஈடுபடுகிறவர்களில் பெண்கள் செலவிட்டது நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024 ஆய்வில் அது 289, 88 என்று ஆனது. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஆண்கள் அவர்கள் பங்குக்கு ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கு தெரிந்த ஒருத்தி, தன் அம்மா மாடியில் வேர்த்து வழிந்துகொண்டு கேக் சுடுவதை எப்படி ரசிப்பாள்?

ஆனால் இந்தச் சந்தேகத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. நான் அம்மாவின் விருப்பத்தை அவளைவிட நன்றாக அறிந்தவளாகிவிடுகிறேன். அவளுக்கு எது உண்மையான சந்தோஷம் என்று அப்பா முடிவு செய்தார், ஆச்சி முடிவு செய்தாள், இப்போது பட்டப்படிப்போடு நான் வந்திருக்கிறேன். அவள் வேண்டாம் என்றால் பழக்கத்தால் சொல்கிறாள், வேண்டும் என்றாலும் பழக்கத்தால் சொல்கிறாள் என்று ஆகிவிட்டால் அவள் வாயைத் திறந்து பயன் என்ன? வெளியிலிருந்து பார்த்தே சொல்லக்கூடிய ஏதாவது ஒரு சோதனை எனக்குத் தேவைப்பட்டது. அதை எனக்குக் கொடுத்தது மழை.

முதலில் பழைய மழையைச் சொல்கிறேன்.

1986 சித்திரை மாதம். எனக்குப் பத்து வயது. வருடத்துக்கு வேண்டிய கூழ்வத்தல் போடும் நாள். முந்தின நாள் ஊறவைத்து ஆட்டிய அரிசிமாவை விடியற்காலை நான்கு மணிக்குப் பெரிய பானையில் கிண்டத் தொடங்குவாள் அம்மா. உப்பு, பச்சைமிளகாய், பெருங்காயம். கை விடாமல் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். ஆறு மணிக்குள் மாடியில் பழைய வேட்டிகளை நனைத்து விரித்து, வெயில் ஏறும் முன் பிழிந்து முடித்தாக வேண்டும். காக்கா விரட்ட நானும் தம்பியும். எங்களுக்கு அது திருவிழா. சுடச்சுடக் கூழ் தின்னலாம், பாதி காய்ந்த வத்தலைத் திருடித் தின்னலாம், குடையை விரித்து அதற்குக் கீழே வீடு கட்டி விளையாடலாம். மத்தியானத்துக்கு அப்பா வாங்கி அனுப்பிய நுங்கு வரும். கோடை என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த ஈரவேட்டி வாசனைதான்.

வத்தல் காய இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும். முதல் நாள் சாயங்காலம் நான்கு மணி வாக்கில் மேற்கே கறுத்து, காற்று எழும்பி, நாங்கள் கீழே ஓடி அம்மாவைக் கூப்பிடுவதற்குள் மழை கொட்டிவிட்டது. அவள் அப்போது ஆச்சிக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். மேலே போய்ப் பார்த்தால் ஆறு வேட்டியும் வெள்ளைக் கஞ்சியாக ஓடிக்கொண்டிருந்தது. "வீட்டுல பொம்பளன்னு ஒருத்தி இருந்தும் வானத்தப் பாக்க ஆளில்ல" என்றாள் ஆச்சி. ராத்திரி அப்பா திட்டவில்லை. "அரிசி எவ்வளவு போச்சு?" என்று மட்டும் கேட்டார். அம்மா இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டாள். மழை பெய்ததற்காக. அன்று ராத்திரியே மறுபடி அரிசியை ஊறவைத்தாள்.

அம்மா அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் வத்தல் போடும் மூன்று நாளும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் மாடியில் அனுபவித்த அத்தனை சுகத்துக்கும் நடுவில் அவள் ஒரு காவல்காரியைப் போல நின்றாள். கூழை ருசி பார்த்தாளே தவிர உட்கார்ந்து தின்னதில்லை. அவள் பார்த்த வானம் மேலே இருந்தது மட்டுமில்லை. அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்து அன்றைய மூடு எப்படி என்று சொல்லிவிடுவாள். ஆச்சி தொண்டையைக் கனைப்பதை வைத்து அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொள்வாள். நம் வீடுகளில் பெண்கள் வானிலை அறிக்கை படிக்காமலே வானிலை நிபுணர்கள் ஆகிவிடுகிறார்கள்.

இனி 2024 மழை. மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில் என்று பஞ்சாங்கம் சொன்னது. ஆனால் மே நடுவில் தென்மாவட்டங்களில் கோடைமழை பிடித்துக்கொண்டது. 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. அந்த வாரம் நான் மறுபடி அம்மா வீட்டில் இருந்தேன். டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மேகத்தைப் பார்த்தாலே அந்தத் தெருவில் எல்லோருக்கும் வயிறு கலங்கும். அம்மாவுக்கும் கலங்கும். கீழ்த்தளத்துச் சாமான்களை எல்லாம் அவள் இன்னும் கட்டில்மேல்தான் வைத்திருந்தாள். அப்படியும் ஒருநாள் காலையில் வெயில் எட்டிப் பார்த்ததும் கேக் வைத்தாள். "மழை வரும்னு போட்டிருக்கான்மா" என்று போனைக் காட்டினேன். "வரும்போது வரட்டும், இப்ப வெயில் அடிக்குல்லா" என்றாள்.

பதினொன்றரைக்கு வந்துவிட்டது. நான் மாடிக்கு ஓடினேன். அம்மா ஓடவில்லை, முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். அதற்குள் நான் பெட்டியைத் தார்ப்பாயால் மூடியிருந்தேன். கண்ணாடி முழுக்க ஆவி. உள்ளே பாதி எழும்பிய கேக் நடுவில் குழிந்துபோய், ஓரம் வெந்து, நடு களியாக இருந்தது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். 1986இல் பார்த்த முகத்தை எதிர்பார்த்தேன் என்று இப்போது தெரிகிறது. அவள் கரண்டியை எடுத்து நடுவில் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். "அல்வான்னு சொல்லிருவோம்" என்றாள். எதிர்வீட்டு மதினியைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து, டப்பாவை நடுவில் வைத்து, ஆளுக்கொரு கரண்டியோடு ஓரத்தையெல்லாம் தின்று முடித்தோம். மழையில் மாடி வாசனையாக இருந்தது. மதினி அவள் வீட்டு மாவடு ஊறுகாயைக் கொண்டுவந்தாள். கேக்குக்கு மாவடு தொட்டுத் தின்ற ஒரே நாள் அதுதான்.

அதே மாடி, அதே கை, மணிக்கணக்கில் வெயிலில் நிற்கும் அதே வேலை, அதே கோடைமழை. வெளியிலிருந்து படம் எடுத்தால் இரண்டு படமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் 1986இல் வத்தல் கெட்டபோது அம்மா குற்றவாளி ஆனாள். 2024இல் கேக் கெட்டபோது கேக் கெட்டது, அவ்வளவுதான். யாருக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் மறுபடி செய்ய வேண்டியதில்லை. செய்யவும் இல்லை; டிவி பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஆகவே, ஒரு வேலை ஒரு பெண்ணுக்கு இன்பமா கடமையா என்று கண்டுபிடிக்க அவள் அதை எவ்வளவு ஆசையாகச் செய்கிறாள் என்று பார்ப்பது போதாது என்று நினைக்கிறேன். ஆசையாகச் செய்யும்படிதான் நம்மை வளர்க்கிறார்கள். அது கெட்டுப்போனால் அவளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க முடிகிறதா? முதல் வாயை அவளே தின்ன முடிகிறதா? கெட்டுப்போனதைப் பார்த்துச் சிரிக்க முடிகிறதா? முடிந்தால் அது அவளுடையது. மழை வந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால், அவள் எத்தனை பாட்டுப் பாடிக்கொண்டு செய்தாலும் அது வேறு யாருடையதோ.

இதைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் நான் இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் கேக் டப்பாவைப் பார்த்தேன்.

அம்மா வீட்டுக்குப் பாத்திரம் கழுவ ஓர் அக்கா வருவார். ஒருநாள் விட்டு ஒருநாள், காலை எட்டு மணிக்கு. மழையன்று சாப்பிட்ட டப்பா, நடுவில் களி ஒட்டிக் காய்ந்துபோய், கொல்லைப்புறத்தில் அவருக்காகக் காத்திருந்தது. அவர் குத்துக்காலிட்டு அதைக் கரண்டிக்காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக வரும் பாத்திரங்களைவிட அது இருமடங்கு நேரம் பிடித்தது. கேக்கில் ஒரு துண்டுகூட அவருக்கு நாங்கள் எடுத்துவைக்கவில்லை. எங்களுக்குத் தோல்வி சிரிப்பாக இருந்ததற்கு ஒரு காரணம், அந்தத் தோல்வியைச் சுரண்டிக் கழுவ வேறொருத்தி இருந்தாள் என்பது. இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அவருடைய அக்கா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியும், எங்கள் ஊர் வெயில் முதலில் உப்புக்குச் சொந்தம். நான் கேக்குக்காக வேண்டிக்கொண்ட அதே வெயிலில் வெறும் பாத்தியில் உப்பு வாரும் பெண்கள் நிற்கிறார்கள். கால் வெடிக்கும், கண் கூசும். மழை பெய்தால் உப்பு கரையும், கூலி நிற்கும். மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. மே மாத மழைக்கு என்ன கணக்கு? "மழ பேஞ்சா எங்கக்காவுக்குக் கூலி இல்லம்மா" என்றார் பாத்திரம் கழுவியவர். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அன்னைக்கு நல்லா ஒறங்குவா" என்றார். அந்த உறக்கத்தை இன்பம் என்பதா, இல்லாமை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போல. நான் தகவமைந்த விருப்பம் என்று பெயர் வைத்துவிட்டால் அந்த உறக்கம் அவளுக்கு இல்லாமல் போய்விடாது. அது உறக்கம்தானே என்று விட்டுவிட்டால் கூலி வந்துவிடாது.

மழையால் குலையாத இன்பம் வேண்டுமென்றால் தனியொருத்தி மனதைத் திடப்படுத்திக்கொண்டால் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1959 மார்ச் 15 அன்று பம்பாயில் ஒரு கட்டட மொட்டைமாடியில் ஏழு பெண்கள், கடனாக வாங்கிய 80 ரூபாயை வைத்து, அப்பளம் இட்டு விற்கத் தொடங்கினார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். முதல் வருடம் பருவமழை வந்ததும் காயவைக்க வழியில்லாமல் நான்கு மாதம் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே ஸ்டவ்வை ஏற்றிக் காயவைத்தார்கள். மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அத்தோடு முடிந்தது. அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தக் கதையை உழைப்பின் வெற்றிக் கதையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கட்டிலும் ஸ்டவ்வும்தான் முக்கியமாகப் படுகிறது. என் அம்மாவிடம் 1986இல் யாரும் "மழை வந்தா என்ன செய்யலாம்?" என்று கேட்கவில்லை. "ஏன் பாக்கல?" என்றுதான் கேட்டார்கள். முதல் கேள்வியைச் சேர்ந்து உட்கார்ந்துதான் கேட்க முடியும். இரண்டாவதை ஒருத்தியை நிற்கவைத்துக் கேட்கலாம்.

அன்றைக்கே அம்மாவிடம் டப்பா விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "சம்பளம் கொடுக்கத்தானே செய்யுதோம்" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுவாரத்திலிருந்து கேக் செய்யும் பாத்திரங்களை அவளே கழுவுகிறாள். மூன்று பங்கில் ஒன்றைத் தனியாக எடுத்துவைக்கிறாள். அந்த அக்காவுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு டப்பா குறைந்திருக்கிறது. சம்பளத்தைக் கூட்டியதுதான் கொஞ்சம் அர்த்தமுள்ளது. அதையும் நாங்களாகச் செய்யவில்லை. ஒரு துண்டு கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதெல்லாம் சரிம்மா, மாசம் முந்நூறு கூட்டிக் குடுங்க" என்று அவரே கேட்டார்.

இத்தனையும் யோசித்த பிறகு கோடையையும் கேக்கையும் அனுபவிக்கலாமா கூடாதா? வெயில் சிலருக்குத் தண்டனையாகவும் மழை சிலருக்குப் பசியாகவும் இருக்கிற ஊரில், மாடியில் உட்கார்ந்து நுங்கு தின்பதற்கு வெட்கப்பட வேண்டுமா? சில தோழிகள் ஆமாம் என்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் இருந்தேன். எல்லோருக்கும் கிடைக்கும்வரை எனக்கு வேண்டாம் என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் "எல்லாம் முடியட்டும், அப்புறம் உக்காரலாம்" என்று என் அம்மாவும் ஆச்சியும் சொல்லிக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் எனக்கு இப்போது அதிக வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் அடுக்களை முடியட்டும் என்றார்கள். நான் சமூகநீதி வரட்டும் என்கிறேன். இரண்டிலும் தள்ளிவைக்கப்படுவது ஒரு பெண்ணின் சாப்பாடு. நான் தின்னாமல் விட்ட நுங்கு உப்பளத்துக்குப் போய்ச் சேராது. தின்றுகொண்டே யாருக்கு என்ன கொடுக்கப்படவில்லை என்று பார்க்கலாம், கேட்டால் பேசலாம், கூலி உயர வேண்டும் என்று சொல்லும் கூட்டத்தில் போய் நிற்கலாம். பட்டினி கிடந்துதான் இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று ஆண்கள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

அம்மாவின் கூண்டைப் பற்றிப் பேசிய நான், என் கூண்டைப் பற்றிப் பேசவில்லை. விடைத்தாள் முடியட்டும், மகனின் நுழைவுத்தேர்வு முடியட்டும், கணவருக்கு அலுவலகத்தில் என்ன பிரச்சினையோ அது தீரட்டும் என்று பத்துப் பதினைந்து கோடைகளை நான் கடத்தியிருக்கிறேன். வீட்டுக்குள் நுழையும்போது அவருடைய பைக் நிறுத்தியிருக்கும் விதத்தை வைத்து அன்றைய நிலவரத்தை இன்றைக்கும் கணித்துக்கொண்டுதான் நுழைகிறேன். பெண்ணியம் படித்தவள். வானிலை பார்க்கும் பழக்கம் மட்டும் அம்மாவிடமிருந்து அப்படியே வந்திருக்கிறது. அவள் அதை எழுபத்தொரு வயதில் விட்டாள். அதற்கு இரண்டு மரணங்களும் ஒரு குடும்ப ஓய்வூதியமும் தேவைப்பட்டன. இதை ஒரு நல்ல செய்தியாகச் சொல்ல எனக்கு மனமில்லை. உயிரோடு இருக்கும் ஆட்களுக்கு நடுவிலேயே அது முடிய வேண்டும்.

போன மே மாதம் மதுரை வீட்டில் பழைய குக்கரில் மணல் பரப்பி நானும் ஒரு கேக் வைத்தேன். அரைமணியில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. நடுவில் குழிந்துபோன கேக்கைத் தட்டோடு கூடத்துக்குக் கொண்டுபோனேன். மகன், "என்னம்மா இது?" என்றான். கணவர் நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு "இல்ல, சிலிண்டர் தீர்ந்துபோச்சு, நான்தான் பாக்கல" என்று வந்துவிடும். வாய்வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு ஒரு வாய் தின்றேன். ஓரம் நன்றாக இருந்தது. வேண்டுமென்றால் கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தட்டை யார் கழுவுவது என்று பேசிக்கொள்ள அன்று எங்களுக்கு அரைமணி நேரம் ஆனது. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

நேற்று காலை அம்மா போன் செய்தாள். "இங்க மேகமா கெடக்கு. வைக்கவா, வேண்டாமாட்டி?"

"உனக்கு என்ன தோணுது?"

"வைக்கணும்னுதான் தோணுது."

"வையேன்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"கரண்டி இருக்குல்லா" என்றேன்.